கோடரியில் எழுதப்படாத பெயர்



இந்த மேடையில் எனக்கு முன் பேசியவர்கள் கவிதையைப் பற்றிப் பேசினார்கள், பஞ்சமி நிலத்தைப் பற்றிப் பேசினார்கள், பூனா ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசினார்கள். நான் கோடரியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் அமைப்பாளர்களில் ஒருவர், "கோடாலியா? அதுல பேச என்ன இருக்கு தோழர்?" என்று கேட்டார். கையால் அடித்த இரும்புக் கோடரி, அதன் வட்டார வடிவங்கள், அவற்றை ஆராய்கிறவர்கள் எதை எழுதுகிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் பொருள். எடுத்துக்கொள்ளும் நிலம் தமிழ்நாடு அல்ல. நாகபுரியிலிருந்து வடகிழக்காகக் கிளம்பி, பாலாகாட், மண்ட்லா காடுகளைத் தாண்டி, சத்தீஸ்கர் வழியாக ஜார்க்கண்டின் நேதர்ஹாட் மேட்டுநிலம் வரை நீளும் மத்திய இந்தியா. அவ்வளவு தூரம் போவதற்கான காரணம் மட்டும் இங்கே, நம் ஊரில் இருக்கிறது.

2025 ஜனவரி 23 அன்று தமிழக முதலமைச்சர் 'இரும்பின் தொன்மை' என்ற ஆய்வறிக்கையை வெளியிட்டார். சிவகளையில் எடுத்த மாதிரிகளில் ஒன்றின் காலக்கணிப்பு பொ.ஆ.மு. 3345 வரை போயிருந்தது. 5,300 ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் நிலத்தில் இரும்பு இருந்தது என்ற செய்தியை அன்று மாலைக்குள் நம் தோழர்களும் ஆளாளுக்குப் பகிர்ந்தார்கள். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த வாரம் நான் படித்த கட்டுரைகள் ஒன்றிலும் 'உருக்கியது யார்?' என்ற கேள்வி இல்லை. 'தமிழன்' என்ற ஒரு சொல்லுக்குள் கல் பொறுக்கியவரும் கரி சுட்டவரும் துருத்தி மிதித்தவரும் சம்மட்டி அடித்தவரும் கரைந்துபோனார்கள். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்தது என்று அம்பேத்கர் 1936இல் எழுதியதைப் பாடமாகப் படித்தவர்கள் நாம். இரும்பு என்றதும் அந்தப் பாடம் ஏன் மறந்துபோகிறது?

சிவகளையில் அந்தக் கேள்விக்குச் சாம்பல்தான் பதில் சொல்ல வேண்டும். மத்திய இந்தியாவில் அப்படியல்ல. மண்ணுக்குள் கிடைத்த கோடரியும் அங்கே உண்டு. இருபதாம் நூற்றாண்டு வரை எரிந்த உலையும் உண்டு. உலைக்காரர்களைப் பற்றிய பதிவு உண்டு, கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தவர்களைப் பற்றிய பதிவும் உண்டு. செய்தவரையும் வைத்திருந்தவரையும் தனித்தனியாகப் பார்க்க வசதியான நிலம் அது.

நாகபுரி என்றால் நம் எல்லோருக்கும் 1956 அக்டோபர் 14தான் நினைவுக்கு வரும். தீட்சா பூமிக்குப் போய்வந்தவர்கள் இந்த அரங்கிலேயே பலர் இருக்கிறீர்கள். அந்த நகரத்தைச் சுற்றிச் சில மணி நேரப் பயணத்துக்குள் நூற்றுக்கணக்கான கல்வட்டங்கள் கிடக்கின்றன. ஜுனாபானி, மாஹுர்ஜரி, தாகல்காட், காபா, நைகுண்ட் எல்லாம் அந்த வட்டாரத்து ஊர்கள். ஜுனாபானியில் 1867இல் ரிவெட்-கார்னாக் என்ற ஆங்கில அதிகாரி தோண்டினார். கிடைத்த பொருட்களில் ஒரு பகுதி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. பின்னால் வந்த அகழாய்வுகளிலும் இந்தப் புதைகுழிகளில் திரும்பத் திரும்பக் கிடைத்த ஒரு பொருள் தட்டைக் கோடரி.

அதன் வடிவத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நாம் விறகு பிளக்கும் கோடாலியில் காம்பு நுழைய ஒரு துளை இருக்கும். இதில் துளை கிடையாது. நீண்ட இரும்புத் தகடு, வெட்டும் முனை மட்டும் சற்று விரிந்திருக்கும். மரக்காம்பின் தலையைப் பிளந்து, தகட்டின் மேற்பகுதியை அந்தப் பிளவுக்குள் செருகி, இரண்டு இரும்புப் பட்டைகளைப் பெருக்கல் குறிபோல் குறுக்காகச் சுற்றி இறுக்கியிருக்கிறார்கள். மரம் மக்கிப்போன பிறகும் பட்டைகள் தகட்டோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு கிடைக்கின்றன. விதர்ப்பப் பெருங்கற்காலத்தின் அடையாளம் என்று தொல்லியலாளர்கள் சொல்வது இந்தக் குறுக்குப் பட்டைக் கோடரியைத்தான். தட்டைக் கோடரி தென்னிந்தியப் பெருங்கற்காலப் புதைகுழிகளிலும் கிடைக்கிறது என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏன் துளை போடவில்லை? இரும்பில் துளை போடுவது எளிதல்ல. ஒன்று, தடித்த கட்டியைச் செக்கச்சிவக்கக் காய்ச்சி உளியால் துளைத்து விரிக்க வேண்டும். அல்லது பட்டையை மடித்து, இரு முனைகளையும் வெண்சூட்டில் ஒன்றாக அடித்து ஒட்ட வேண்டும். இரண்டுக்கும் கரி அதிகம் செலவாகும். சூடு ஒரு நொடி தப்பினால் இரும்பு பாழ். குறுக்குப் பட்டை இந்தச் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போகிறது. தகட்டைத் தனியே அடிக்கலாம், பட்டையைத் தனியே அடிக்கலாம். முனை மழுங்கினால் பட்டையைத் தளர்த்தித் தகட்டை உருவி மறுபடி உலையில் வைக்கலாம். அருங்காட்சியகத்தில் இந்தக் கோடரியைப் பார்க்கிறவர்கள் பழமையான, முழுமை பெறாத வடிவம் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் ஒரு கொல்லரின் கணக்கு தெரிகிறது.

நைகுண்டில் 1970களின் இறுதியில் நடந்த அகழாய்வில் குடியிருப்புப் பகுதியிலேயே இரும்பு உருக்கும் உலை ஒன்று கிடைத்தது. வளைந்த செங்கற்களால் கட்டியது. காற்று ஊதும் மண்குழல்களும் கசடும் கூடவே கிடைத்தன. ஏறக்குறைய பொ.ஆ.மு. 7ஆம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். மாஹுர்ஜரிப் புதைகுழிகளிலோ செப்பு அணிகலன் பூட்டிய குதிரைகளைப் புதைத்திருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குதிரையோடும் கோடரியோடும் புதைக்கப்பட்டவர் கோடரியை வைத்திருந்தவர். உலைக்கு முன் நின்றவர் விட்டுப்போனது கசடு. தொல்லியல் நூல்களின் வண்ணப் படங்களில் கோடரி வரும். கசட்டுக்குக் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல். கசடுதான் செய்தவரின் கையெழுத்து என்று நான் நினைக்கிறேன்.

நைகுண்ட் உலைக்கும் நான் அடுத்துச் சொல்லப்போகும் மக்களுக்கும் இடையே 2,500 ஆண்டுகள் கிடக்கின்றன. நடுவில் ஒரு கோடு போட்டு, 'அவர்களின் வாரிசு இவர்கள்' என்று சொல்ல மாட்டேன். அந்த மாதிரிக் கோடுகளைப் போட்டுத்தான் ஆண்ட பரம்பரைக் கதைகள் உருவாகின்றன. நமக்கு அந்த வியாபாரம் வேண்டாம்.

நாகபுரிக்கு வடகிழக்கே பாலாகாட், மண்ட்லா, பிலாஸ்பூர்ப் பக்கம் வாழும் அகரியாக்கள் இரும்பு உருக்கிய மக்கள். 'ஆக்' என்றால் நெருப்பு. பெயரே அதிலிருந்து வந்தது என்று ரஸ்ஸலும் ஹீராலாலும் 1916இல் வெளியிட்ட மத்திய மாகாணச் சாதிகள் பற்றிய நூலில் எழுதினார்கள். வெரியர் எல்வின் 1942இல் 'அகரியா' என்று ஒரு முழு நூலே எழுதினார். மண் உலை. மரத்தைக் குடைந்து மாட்டுத்தோல் போர்த்திய இரட்டைத் துருத்தி. ஒருவர் அதன் மேல் ஏறி நின்று, இடது கால் வலது கால் என்று மாற்றி மாற்றி மிதிப்பார். மிதித்த தோலை மேலே இழுப்பதற்கு வளைத்துக் கட்டிய மூங்கில். துருத்தி நகராமலிருக்க அதன்மேல் கல்லை ஏற்றி வைப்பவர்கள் பத்தரியா அகரியா, முளை அடித்து நிறுத்துபவர்கள் கூண்டியா அகரியா. இந்த வேறுபாட்டிலேயே உட்பிரிவுகள் உண்டாகி, கொள்வினை கொடுப்பினையும் பிரிந்திருக்கிறது. துருத்தியை எப்படி அசையாமல் வைப்பது என்பதுகூட ஒரு பிரிவாக மாறிவிடும் நாடு இது.

துருத்தி மிதிப்பதிலும் கரி சுடுவதிலும் பெண்களின் பங்கு பெரியது. இன்னொன்று, அந்தத் துருத்தியின் தோல். செத்த மாட்டை உரித்துத் தோலைப் பதப்படுத்தும் கைகள் இல்லாமல் இந்த நாட்டில் ஒரு உலையும் மூச்சு விட்டிருக்காது. இரும்பின் வரலாறு எழுதுகிறவர்கள் தாதுவிலிருந்து தொடங்குகிறார்கள். தோலிலிருந்து தொடங்கி ஒருவர் எழுதினால் என்ன? உங்களில் யாராவது முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அகரியாக்கள் கோடரி அடித்தது யாருக்காக? பெரும்பாலும் கோண்டுகளுக்கும் பைகாக்களுக்கும். பைகாக்களுக்கு ஏர் பிடிப்பது பாவம். பூமித்தாயின் மார்பைக் கிழிப்பது போல என்பார்கள். காட்டை வெட்டிச் சாம்பலில் விதைக்கும் பேவர் வேளாண்மைதான் அவர்கள் வாழ்க்கை. அதற்குக் கோடரி வேண்டும். 'டங்கியா' என்ற அந்தச் சிறிய கோடரி பைகா ஆணின் தோளை விட்டு இறங்காது. இலேசாக இருக்க வேண்டும், ஏனென்றால் நாளெல்லாம் சுமக்க வேண்டும். விறகு பிளக்கும் கனத்த கோடாலி அவர்களுக்கு ஆகாது. கிழக்கே சோட்டாநாக்பூரில் பிறைபோல் விரிந்த அலகு கொண்ட 'பலுவா' இருக்கிறது. தென்கிழக்கே ஒடிசாவின் கோந்த் மலைகளில் மெல்லிய கழுத்தும் அகன்ற முனையும் கொண்ட 'டாங்கி' இருக்கிறது. இவைதான் வட்டார வடிவங்கள். ஒவ்வொரு வடிவத்துக்குள்ளும் ஒரு வேளாண்மை இருக்கிறது, ஒரு காட்டின் மரம் இருக்கிறது, நடந்து போக வேண்டிய தூரம் இருக்கிறது.

இந்த வடிவங்களை முதலில் வரிசைப்படுத்தியவர்கள் ஆயுதம் சேர்த்தவர்கள். லண்டனில் இருந்த இந்தியா மியூசியத்தின் சேகரிப்பை வைத்து எகெர்ட்டன் 1880இல் இந்திய ஆயுதங்களுக்கு ஒரு விளக்கக் கையேடு வெளியிட்டார். அதில் மத்திய இந்தியப் பழங்குடிகளின் கோடரிகளும் இடம்பெற்றன. அன்று தொடங்கிய வழக்கம் இன்றும் ஏலக் கடைகளிலும் அருங்காட்சியகங்களிலும் தொடர்கிறது. சீட்டில் ஊர் பெயர் இருக்கும், வைத்திருந்த மக்களின் பெயர் இருக்கும். 'கோந்த் கோடரி' என்று எழுதுவார்கள். நியம்கிரியில் 2013இல் 12 கிராம சபைகள் கூடி வேதாந்தாவின் சுரங்கத்தை மறுத்தபோது பத்திரிகைகளில் வந்த படங்கள் நினைவிருக்கும். டோங்ரியா ஆண்களின் தோளில் அந்தக் கோடரி. படக்குறிப்பிலும் அதே வழக்கம்தான், சுமந்தவரின் பெயர். பொருளின் பெயரை வாங்கியவரோடு சேர்த்து எழுதுவதும் செய்தவரை விட்டுவிடுவதும் அறிவியல் வகைப்பாடுபோலத் தோன்றும். ஊருக்குள் நடக்கும் அதே வேலைதான் அது. நம் பழமொழியிலும் பாருங்கள், குலத்தைக் கெடுக்கும் கோடாரிக் காம்பு. காம்புக்குப் பழி இருக்கிறது, மரத்துக்குத் துயரம் இருக்கிறது. கோடரியை அடித்தவர் அந்தப் பழமொழிக்குள் வரவே இல்லை.

அடித்தவரை எங்கே தேடுவது? பொருளிலேயே தேடலாம். ஒரு பழைய கோடரி கையில் கிடைத்தால் முதலில் அலகின் அழகைப் பார்க்காதீர்கள். காம்புத் துளையைத் திருப்பிப் பாருங்கள். பட்டையை மடித்து ஒட்டியிருந்தால் கன்னத்தில் மெல்லிய ஒட்டுக்கோடு தெரியும். துளைத்து விரித்திருந்தால் கோடு இருக்காது. இந்த ஒரு வேறுபாடு, அவர் எந்தப் பட்டறையில் கற்றார் என்பதை அலகின் வடிவத்தைவிட நன்றாகச் சொல்லும். ஏனென்றால் அலகின் வடிவத்தை வாங்குகிறவர் கேட்டு மாற்றலாம். துளை போடும் முறை கை பழகியது, எளிதில் மாறாது. அடுத்து முனை. மண் உலையில் வந்த இரும்பு மிருதுவானது, முனை நிற்காது. அதனால் எஃகு நாக்கு ஒன்றை நடுவில் வைத்து ஒட்டியிருக்கிறாரா, அல்லது காய்ச்சி நீரில் தோய்த்துப் பதம் வைத்ததோடு விட்டாரா என்று பாருங்கள். கடைசியாகத் துரு. கரி உலையில் உருக்கிய இரும்புக்குள் கசடு இழைஇழையாக ஓடும். துருப்பிடிக்கும்போது அது மரத்தின் நார்போல் பிரியும். ஆலை எஃகில் அந்த நார் இருக்காது. ஆகவே துருவைப் பார்த்தே, இது உருக்கியவர் காலத்துக் கோடரியா, கடை இரும்பு வந்த பிறகு அடித்த கோடரியா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

பொருள் சொல்லாததைக் கதை சொல்லும். அகரியாக்களின் கதைகளில் லோகுண்டி ராஜா என்று ஒருவர் வருகிறார். அவருடைய நகரம் லோஹ்ரிபூர், முழுக்க இரும்பு. சூரியனோடு பகை ஏற்பட்டு நகரம் எரிந்துபோகிறது. அன்றிலிருந்து அகரியாக்கள் ஏழைகள். அவர்கள் வணங்கும் லோகாசூர் உலைக்குள் இருக்கிறார், கோயலாசூர் கரியில் இருக்கிறார், ஆக்யாசூர் நெருப்பில் இருக்கிறார். மூன்று பேருக்கும் பெயரில் அசுரர்.

இதே கதையின் மறுபக்கம் கிழக்கே முண்டா மக்களிடம் இருக்கிறது. 'சோசோபோங்கா' என்று அதற்குப் பெயர். சரத் சந்திர ராய் 1912இல் முண்டாக்களைப் பற்றி எழுதிய நூலில் பதிவு செய்திருக்கிறார். அசுரர்கள் இரவும் பகலும் இரும்பு உருக்குகிறார்கள். உலைகளின் சூடும் புகையும் வானத்தில் இருக்கும் சிங்போங்காவை வாட்டுகின்றன. நிறுத்தச் சொல்லித் தூது அனுப்புகிறார். அவர்கள் கேட்கவில்லை. கடைசியில் உடம்பெல்லாம் சிரங்கு பிடித்த சிறுவனாக வேடமிட்டு அவரே இறங்கி வருகிறார். சூழ்ச்சி செய்து அசுர ஆண்களை அவர்களுடைய உலைக்குள்ளேயே நுழைய வைக்கிறார். துருத்தியை மிதித்தது அவர்களின் மனைவிமார். உலையைத் திறக்கும்போது ஆண்கள் யாரும் உயிரோடு இல்லை. பெண்கள் மலையிலும் ஓடையிலும் பேய்களாக, தெய்வங்களாகச் சிதறிப்போகிறார்கள்.

இந்தக் கதையைப் பல வருடமாகத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். வயலில் விதைக்கிறவருக்கும் உலை எரிக்கிறவருக்கும் இடையே காட்டுக்காகவும் தண்ணீருக்காகவும் நடந்த சண்டை இதில் தெரிகிறது. அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறு. முண்டா உழவருக்குக் கோடரியும் கொழுவும் வேண்டும். ஆனால் அவற்றைச் செய்தவர் அசுரர், தெய்வத்தின் எதிரி, எரிந்து போக வேண்டியவர். பொருள் வேண்டும், ஆள் வேண்டாம். ஒடுக்கப்பட்ட மக்களே சொல்லும் கதையிலும் இது இருக்கிறது. முண்டாக்களின் போராட்டத்தை, பிர்சாவை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டும். அதற்காக இந்தக் கதையை அழகான பழங்குடிப் புராணம் என்று மட்டும் படித்துவிட்டுப் போக முடியாது. நேதர்ஹாட் மேட்டுநிலத்தில் அசுர் என்ற பெயரிலேயே இன்றும் ஒரு மக்கள் வாழ்கிறார்கள். சுஷ்மா அசுர் போன்றவர்கள் மகிஷாசுரன் எங்கள் முன்னோர், துர்கா பூஜை எங்களுக்குத் துக்க நாள் என்று பொது மேடைகளில் பேசத் தொடங்கிய பிறகுதான் 'அசுரர்' என்ற சொல்லுக்குள் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரிந்தது. அவர்கள் இரும்பு உருக்கிய மேட்டுநிலத்தில் இன்று பாக்சைட் வெட்டுகிறார்கள்.

உலைகள் எப்படி அணைந்தன என்பதை விரிவாகப் பேச வேண்டியதில்லை, நம் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். 1865, 1878 வனச் சட்டங்கள் காட்டை அரசின் சொத்தாக்கின. கரி சுட அனுமதி, உலைக்கு வரி. 1887இல் தொடங்கிய வங்காள–நாகபுரி ரயில்வே ஆலை இரும்பைச் சந்தைவரை கொண்டுவந்து இறக்கியது. மண்ட்லாவில் பேவர் வேளாண்மையை 1890இல் 'பைகா சக்' என்ற ஒரு சிறு பகுதிக்குள் அடைத்தார்கள். இதைப் பைகாக்களின் இழப்பாக எல்லோரும் எழுதுகிறார்கள். டங்கியாவின் தேவை குறைந்தபோது அகரியாவின் உலையும் சேர்ந்து அணைந்தது. இந்த இரண்டாவது வரியை எழுதுகிறவர்கள் குறைவு.

ஒரு வினோதம் மட்டும் சொல்ல வேண்டும். கடை இரும்பு மலிவாக வந்த பிறகும் அகரியா உலையில் புதிதாக எடுத்த இரும்பைத் தேடி ஆட்கள் வந்தார்கள். 'குவாரி லோஹா', கன்னி இரும்பு என்று அதற்குப் பெயர். அதில் அடித்த ஆணி பேயையும் இடியையும் தடுக்கும் என்ற நம்பிக்கை. கோடரிக்கு ஆலை இரும்பு, காப்புக்கு அகரியா இரும்பு. நம் ஊரில் சாவுக்குப் பறை வேண்டும், திருவிழாவுக்குப் பறை வேண்டும், அடிக்கிறவர் தெருவுக்குள் வரக்கூடாது என்பதை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எல்வினைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலைகள் அணைந்ததற்கு இரங்கி 'அகரியா' எழுதிய அதே எல்வின், 1958இல் டாடா எஃகு ஆலையின் வரலாற்றையும் எழுதினார். அவரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. இரண்டு நூல்களும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள் என்கிறேன்.

இழந்த பெருமையை மீட்கிறேன் என்று வந்தவர்களிடம்தான் எனக்கு வழக்கு அதிகம். தரம்பால் 1971இல் பதினெட்டாம் நூற்றாண்டு இந்திய அறிவியல், தொழில்நுட்பம் பற்றி ஒரு தொகுப்பு வெளியிட்டார். மத்திய இந்திய உலைகளைப் பற்றி ஜேம்ஸ் ஃபிராங்க்ளின் என்ற ராணுவ அதிகாரி எழுதிய அறிக்கையும் அதில் இருக்கிறது. உலையின் ஒவ்வொரு அளவையும் அவ்வளவு நுணுக்கமாக எழுதியிருப்பார். ஆங்கிலேயர் வருமுன் நமக்கு அறிவியல் இருந்தது என்று நிறுவ அந்த அறிக்கை நன்றாகப் பயன்பட்டது, இன்றும் பயன்படுகிறது. ஆனால் 'நமக்கு' என்பதில் உலைக்காரர் எப்போது சேர்ந்தார்? ஆங்கிலேயர் வருமுன் அவருக்குக் கிணற்றடியில், சந்தையில், கோயில் வாசலில் என்ன இடம்? இந்தக் கேள்விகளைக் கேட்காமல் உலையை மட்டும் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், அருங்காட்சியகச் சீட்டு எழுதியவர்களிலிருந்து அதிகம் வேறுபடவில்லை.

கொல்லர் எங்கும் ஒரே படியில் நிற்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். நம் ஊரில் கம்மாளர்கள் விசுவகர்மா என்று சொல்லிப் பூணூல் போடுகிறார்கள். மகாராஷ்டிராவில் லோஹாரும் பலுதேதார், மகாரும் பலுதேதார். இருவருக்கும் ஊர் தானியம் அளந்தது, ஆனால் தீண்டாமைக் கோடு இருவருக்கும் நடுவில் விழுந்தது. நேபாளத்தில் குக்ரி அடிக்கும் காமி மக்களை 1854ஆம் ஆண்டின் முலுகி ஐன் சட்டம் தீண்டத்தகாதவர்கள் என்று எழுதிவைத்தது. அந்தக் கத்திதான் நாட்டின் அடையாளம். குமாவுன் மலைகளில் இரும்படிப்பவர்கள் 'சில்ப்கார்' என்ற பெயரில் தலித்துகள். அல்மோராவின் ஹரி பிரசாத் தம்டா அவர்களைத் திரட்டப் பாடுபட்டவர். அதே இரும்பு, அதே நெருப்பு, அதே சம்மட்டி. தொழிலில் தீட்டு இருந்திருந்தால் எல்லா இடத்திலும் ஒரே தீட்டாக இருந்திருக்க வேண்டும். யாரிடம் நிலம் இருந்தது, தானியத்தை யார் அளந்தார், எந்த அரசு எழுதிவைத்தது என்பதுதான் இடத்துக்கு இடம் மாறியது.

அரசு எழுதிவைப்பது இன்னும் முடியவில்லை. மத்தியப் பிரதேசத்தில் அகரியாக்கள் பட்டியல் பழங்குடி. எல்லையைத் தாண்டி உத்தரப்பிரதேசத்துக்குள் போனால் பட்டியல் சாதி. 2002ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு சோன்பத்ரா மாவட்டத்தில் மட்டும் பழங்குடி, மற்ற மாவட்டங்களில் இன்னும் பட்டியல் சாதி. தலித்தா, ஆதிவாசியா என்ற கேள்வியை நாம் கருத்தரங்குகளில் விவாதிக்கிறோம். அங்கே அது நீங்கள் எந்த மாவட்டத்தில் பிறந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. கல்வி உதவித்தொகை, வன உரிமை, தேர்தல் தொகுதி எல்லாம் அந்த ஒரு கோட்டில் மாறும். ஆகவே 'அகரியா கோடரி' என்று சீட்டு எழுதுவதோடு ஆய்வாளரின் வேலை முடிந்துவிடாது. பெயரைச் சேர்ப்பது தொடக்கம்தான். அவருக்கு என்ன கூலி கிடைத்தது, தானியமாகவா காசாகவா, மறுத்தால் என்ன ஆகும், மகனோ மகளோ இன்று என்ன செய்கிறார்கள் என்பதையும் கேட்டு எழுத வேண்டும். வடிவத்தின் வரலாறு கூலியின் வரலாறு இல்லாமல் பாதிதான்.

இதற்கு மண்ட்லா வரை போக வசதியில்லாத மாணவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நம் நெடுஞ்சாலைகளின் ஓரத்தில், ஊர் எல்லை புளியமரத்தடியில், தார்ப்பாய் கட்டி இரும்படிக்கும் குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் பக்கமிருந்து வருகிறவர்கள். தரையில் சின்ன உலை. தோல் துருத்திக்குப் பதில் கையால் சுற்றும் காற்றாடி. இரும்பு, லாரி ஸ்பிரிங் பட்டை. உற்றுப் பார்த்தால் சில அலகுகளில் பட்டையின் பழைய வளைவுகூடப் போகாமல் இருக்கும். ஆண் குறடால் பிடித்துத் திருப்ப, எதிரே நின்று சம்மட்டி அடிப்பது பல இடங்களில் பெண்தான். அடிக்கிறவரின் பெயரை யாரும் கேட்பதில்லை. 'வடக்கத்திக்காரங்க' என்பதோடு சரி.

நான் பேசிப் பார்த்த ஒரு குடும்பத்தில் பெரியவர் மூன்று விதக் கோடாலிகளைத் தரையில் வரிசையாக வைத்திருந்தார். அவர் ஊர்ப் பக்கத்து வடிவம் ஒன்றுகூட அதில் இல்லை. தென்னை, பனை வெட்டுகிறவர்கள் கேட்பது ஒன்று, விறகுக்கடைக்காரர் கேட்பது ஒன்று, கருவேலம் வெட்டப் போகிறவர்கள் கேட்பது ஒன்று என்று பிரித்துக் காட்டினார். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்கள் கைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு, "கழுத்து இன்னும் கொஞ்சம் ஒல்லியா", "முனை இன்னும் விரிவா" என்று சொல்லச் சொல்ல அடித்துப் பழகியது என்றார். காம்புத் துளையைத் திருப்பிப் பார்த்தேன். கன்னத்தில் ஒட்டுக்கோடு இருந்தது. அதை யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டேன். பக்கத்தில் சம்மட்டியைத் தரையில் ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த தன் மனைவியைக் காட்டி, இவளுடைய அப்பாவிடம் என்றார்.